புல் மட்டும் மேயும் மாட்டுக்குக் காதில் இம்ப்ளான்ட் போட்டால் எடை கூடுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: நண்பரோடு சேர்ந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபிளின்ட் ஹில்ஸ் பக்கம் 160 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறீர்கள், மே மாதம் 40 ஸ்டியர், அதாவது காயடித்த இளங்காளைகளை, இறக்கப்போகிறீர்கள், கூடவே ஐந்தாறு கிடேரிக் கன்றுகளும் வருகின்றன. கன்றுகளை விற்பவர் "காதில் இம்ப்ளான்ட் போட்டே அனுப்பட்டுமா" என்கிறார். தீவனக் கொட்டிலில் சோளம் தின்னும் மாட்டுக்குச் சரி, வெறும் புல் மேயும் மாட்டுக்கு இது வேலை செய்யுமா, கிடேரிகளுக்குப் போடலாமா, அப்புறம் அதில் ஒன்றை வெட்டி வீட்டுக்கு எடுத்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பது கேள்வி. மூன்றும் வேறு வேறு விஷயங்கள். நான் கால்நடை மருத்துவம் படித்து, மேய்ச்சல் மாடு வளர்ப்பவர்களோடு பல வருஷமாக வேலை செய்கிறேன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் கன்றுகளை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் கடைசி முடிவை உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எடுங்கள்.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று தெரிந்துகொள்வோம். அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய குளிகைகள். காது மடலின் தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் உள்ளிருக்கும் ஹார்மோன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலக்கும். சிலவற்றில் எஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடியால் மட்டும் இருக்கும், சிலவற்றில் அதோடு புரோஜெஸ்டிரான், சிலவற்றில் டிரென்போலோன் என்ற செயற்கை ஆண் ஹார்மோன். ரால்குரோ என்ற மருந்தில் இருப்பது ஜெரனால், எஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும் பொருள். இது புதிதாக வந்த சமாச்சாரம் இல்லை. சினோவெக்ஸ்-எஸ் என்ற இம்ப்ளான்ட் அமெரிக்காவில் 1956-லேயே வந்துவிட்டது, ரால்குரோ 1969-ல், டிரென்போலோன் 1987-ல். உடம்புக்குள் நடப்பது என்னவென்றால், ஐஜிஎஃப்-1 என்கிற வளர்ச்சிக் காரணி கூடுகிறது, தசையில் புரதம் சேர்வது அதிகமாகிறது, தின்றதில் கொழுப்பாகப் போகிற பங்கு குறைந்து இறைச்சியாகப் போகிற பங்கு கூடுகிறது. இந்த அளவுக்கு யாருக்கும் சந்தேகம் இல்லை.

இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இம்ப்ளான்ட் வெறும் அகப்பைதான், அது புல்லில் இல்லாத புரதத்தையும் சக்தியையும் எங்கிருந்தும் கொண்டுவராது, மாடு ஏற்கெனவே தின்பதை இறைச்சியின் பக்கம் திருப்பிவிடும், அவ்வளவுதான். அதனால்தான் கூடுதல் எடையைச் சதவீதத்தில் சொல்கிறார்கள். பால்குடி மறந்து புல்லுக்கு வந்த ஸ்டியர்களில், நல்ல மேய்ச்சலில், நாள் எடை ஏற்றம் 10 முதல் 15 சதவீதம் கூடும் என்று எதிர்பார்க்கலாம். சில இடங்களில் அதற்கு மேலும் கிடைத்திருக்கிறது. ஆனால் எதன் மேல் 10 சதவீதம் என்பதைப் பார்க்க வேண்டும். நாளுக்கு 2 பவுண்டு ஏறும் மாட்டுக்கு அது கால் பவுண்டு வரை போகும். நாளுக்கு அரை பவுண்டு ஏறும் மாட்டுக்கு அளந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பொதுவாகச் சொல்லும் கணக்கு, நாளுக்கு ஒரு பவுண்டாவது ஏறாத மாட்டுக்கு இம்ப்ளான்ட் போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது. என் அனுபவமும் அதுதான்.

உங்கள் நிலத்தை வைத்துப் பேசுவோம். ஃபிளின்ட் ஹில்ஸ் புல் இளசாக இருக்கும்வரை அருமையான புல். ஏப்ரலில் எரித்துவிட்ட நிலத்தில் மே மாதம் பிக் புளூஸ்டெம் என்ற அந்த ஊர்ப் புல் துளிர்விடும்போது அதில் புரதம் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கன்றுகள் நாளுக்கு 2 பவுண்டும் அதற்கு மேலும் ஏறும். ஜூலை பாதிக்கு மேல் தண்டு தலையெடுத்துவிடும். ஆகஸ்ட் முடிவில் பார்த்தால் இடுப்பளவு புல் நிற்கும், பார்க்கப் பசுமையாகவும் இருக்கும், ஆனால் புரதம் ஏறத்தாழ 6 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான், புல்லின் உயரத்தைப் பார்த்து மாடு நன்றாகத் தின்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். சாணியைப் பாருங்கள். மே மாதம் தளர்வாகத் தட்டையாக விழும், ஆகஸ்டில் அடுக்கடுக்காக, காய்ந்த ஓரத்தோடு குவியலாக நிற்கும். அப்படி நின்றால் வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிருக்குப் புரதம் போதவில்லை என்று பொருள், அந்த நேரத்தில் இம்ப்ளான்ட் காதில் இருந்தாலும் வேலை குறைவாகத்தான் நடக்கும்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் பலர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வழக்கமாக ஒரு ஸ்டியருக்கு 4 ஏக்கர் என்று விட்டு அக்டோபர் வரை மேய்ப்பதற்குப் பதிலாக, 2 ஏக்கருக்கு ஒன்று என்று இரட்டிப்பாக விட்டு ஜூலை பாதியில் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுவார்கள். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் பல வருஷம் சோதித்துப் பரப்பிய முறை அது. நிலத்துக்கு மீதிக் காலம் ஓய்வு கிடைக்கும், மாடு நல்ல புல்லை மட்டும் தின்னும். 160 ஏக்கருக்கு 40 என்கிறீர்கள், அப்படியானால் நீங்கள் முழுப் பருவ முறையில் போகிறீர்கள். தப்பில்லை. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கோ, எத்தனால் ஆலையிலிருந்து வரும் உலர்ந்த சோளச் சக்கையோ அளவாகக் கொடுத்தால் புல்லும் செரிக்கும், இம்ப்ளான்டும் கடைசிவரை வேலை செய்யும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், கடைசி இரண்டு மாதப் புரதத்தையும் தாது உப்பையும் முதலில் வாங்குங்கள் என்பேன். தாது உப்பில் மொனென்சின் என்ற மருந்து கலந்தது கிடைக்கும், அது தரும் எடை வேறு வழியில் வருவது, இம்ப்ளான்ட் தருவதோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் குதிரை அந்த உப்பை நக்கினால் செத்துப்போகும், நிலத்தில் குதிரை இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

எந்த இம்ப்ளான்ட் என்பதற்கு எத்தனை நாள் மேய்க்கிறீர்கள் என்பதுதான் முதல் அளவுகோல். ரால்குரோ 36 மில்லிகிராம் ஜெரனால், 70 முதல் 100 நாள் வேலை செய்யும். ரெவலார்-ஜி என்பது 40 மில்லிகிராம் டிரென்போலோன் அசிடேட்டும் 8 மில்லிகிராம் எஸ்ட்ராடியாலும், மேய்ச்சல் மாட்டுக்கென்றே குறைத்துச் செய்த அளவு. இவை இரண்டும் ஜூலையில் மாட்டை எடுத்துவிடுபவர்களுக்குப் பொருந்தும். முழுப் பருவத்துக்கு என்றால் 200 நாள் வரை வரும் காம்புடோஸ், அல்லது 2014-ல் அனுமதி பெற்ற சினோவெக்ஸ் ஒன் கிராஸ் போன்றவை இருக்கின்றன. நீண்ட நாள் வருவது எப்போதும் மேல் என்று நினைக்காதீர்கள், மருந்து கசிகிற காலமும் நல்ல புல் இருக்கிற காலமும் ஒன்றாக விழ வேண்டும். இதில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பது சோதனைக்குச் சோதனை மாறுகிறது. போடுவதற்கும் போடாததற்கும் உள்ள வித்தியாசம் உறுதி, இந்த பிராண்டா அந்த பிராண்டா என்பதில் விற்பனைக்காரர் காட்டும் உறுதி எனக்கு இல்லை.

ஒரு சட்ட விஷயம் கட்டாயம் பார்க்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 ஜூலை 1 முதல் இதைக் கறாராகப் பார்க்கிறது. மாட்டின் வாழ்க்கையைக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: தாயிடம் பால் குடிக்கும் காலம், புல் மேய்ந்து வளரும் காலம், கொட்டிலில் வளரும் காலம், வெட்டுக்காகக் கொட்டிலில் அடைத்துத் தீவனம் போடும் காலம் என்று. ஒரு கட்டத்துக்குள் ஒருமுறைதான் போடலாம், மறுமுறை போடலாம் என்று லேபிளிலேயே அனுமதி இருந்தாலொழிய. ஆகவே விற்பவர் பால் மறந்தபின் ஒன்று போட்டுப் புல்லில் விட்டிருந்து, நீங்கள் வாங்கிவந்து அதே கட்டத்தில் இன்னொன்று போட்டால் அது விதிமீறல். லேபிளில் இல்லாததைக் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்தும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் எடை ஏற்றத்துக்காக மருந்தை லேபிளுக்கு வெளியே பயன்படுத்த அங்கே சட்டத்தில் இடமில்லை. எந்த மருந்து, எந்தத் தேதி என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

கிடேரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சினைக்கு வைத்துக்கொள்ளப் போகிற கிடேரிக்கு இப்போது போடாதீர்கள். பால் குடிக்கும் வயதில், இரண்டு மூன்று மாதத்தில் ஒரே ஒருமுறை, அதற்கென்று அனுமதி உள்ளதைப் போட்டால் பின்னாளில் சினை பிடிப்பதில் பாதிப்பு மிகக் குறைவு என்று நிறைய சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் பிறந்தவுடனோ, பால் மறந்தபின்னோ, பலமுறையோ போட்டால் சினை பிடிப்பது குறையும். உங்கள் கிடேரிகள் பால் மறந்தவை, அதனால் வேண்டாம். விற்றுவிடப் போகிற கிடேரி என்றால் அது வேறு, அதற்கென்று தனி லேபிள் இருக்கிறது. காளையாக வைத்துக்கொள்ளும் கன்றுக்கும் எந்த வயதிலும் வேண்டாம், விதைப்பை சரியாக வளராது.

போடும் விதத்தில்தான் பாதிப் பேர் காசைத் தொலைக்கிறார்கள். நல்ல மருந்தை வாங்கி, அவசரத்தில் அழுக்குக் காதில் குத்தி, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அங்கே சீழ்க்கட்டிதான் இருக்கும், குளிகை சீழோடு வெளியே போயிருக்கும் அல்லது சுற்றித் தடித்து மருந்து கசியாமல் அடைபட்டிருக்கும். மாட்டை ஷூட் என்கிற இரும்புக் கூண்டில் நிறுத்தி, தலையைப் பூட்டி, கயிறு போட்டுப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க வேண்டும். தலை ஆடினால் ஊசி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. காது மடலின் பின்பக்கத்தை அடி, நடு, நுனி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள், நடுப்பங்குதான் இடம். அங்கே விரலால் தடவினால் குருத்தெலும்பின் மேடு நீளவாட்டில் தெரியும், ரத்தக்குழாயும் தெரியும், இரண்டையும் விட்டு விலகி, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ஊசியைப் படுக்கைவாட்டில் விட வேண்டும். காது சுத்தமாக, உலர்ந்து இருந்தால் அப்படியே போடலாம். சாணி ஒட்டியிருந்தால் பிரஷ்ஷால் சுரண்டி, குளோர்ஹெக்ஸிடின் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த காதைப் பாருங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவில் ஊசியை அதே கரைசலில் நனைத்த பஞ்சில் துடைக்க வேண்டும், முனை மழுங்கினால் உடனே மாற்ற வேண்டும். அப்புறம் முக்கியமானது, குளிகையை உள்ளே தள்ளும் இம்ப்ளான்ட் துப்பாக்கியின் விசையை அழுத்தும்போதே ஊசியை மெல்லப் பின்னால் இழுக்க வேண்டும். அப்போதுதான் குளிகைகள் வரிசையாகப் படுக்கும், இழுக்காமல் அழுத்தினால் ஒன்றின்மேல் ஒன்று மோதி நொறுங்கும். நொறுங்கினால் மருந்து ஒரேயடியாகக் கசிந்து, மாடு அடுத்த மாட்டின் மேல் ஏறிக்கொண்டே திரியும். போட்டு முடித்ததும் கட்டை விரலால் தடவிப் பாருங்கள், தோலுக்கடியில் மணிமணியாக, நேர்க்கோட்டில் தட்டுப்பட வேண்டும். விற்பவர் போட்டு அனுப்பினாலும் வண்டியிலிருந்து இறக்கும்போது நாலைந்து மாட்டின் காதை இப்படித் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பக்கவிளைவு என்று பார்த்தால், போட்ட முதல் சில வாரங்களில் சில ஸ்டியர்கள் மற்ற மாட்டின் மேலே ஏறும், ஒன்றை மட்டும் மற்றவை விரட்டி விரட்டி ஏறினால் அதை உடனே பிரித்துவிடுங்கள், விட்டால் முதுகு உடையும், சிலது செத்தும் போகும். வாலடி சற்றுத் தூக்கலாகத் தெரியலாம், மடிக்காம்பு கொஞ்சம் பருக்கலாம். மேய்ச்சலுக்குரிய குறைந்த அளவில் இவை அதிகம் வருவதில்லை.

சரி, காசுக்கு வருவோம். ஒரு இம்ப்ளான்ட் சில டாலர்தான். பருவம் முழுக்க ஒரு மாட்டுக்கு 20 பவுண்டு கூடுகிறது என்று வையுங்கள், அந்தக் கூடுதல் பவுண்டுக்கு 1 டாலர் என்று மிகக் குறைத்துப் போட்டாலும் 40 மாட்டுக்கு 800 டாலர். சந்தை விலையை அப்படியே பெருக்காதீர்கள், மாடு கனக்கக் கனக்கப் பவுண்டு விலை இறங்கும், அதனால்தான் குறைத்துப் போடச் சொல்கிறேன். இப்படிப் பார்த்தால் மேய்ச்சல் மாட்டில் போட்ட பணத்துக்கு இதைப்போல் திரும்பத் தருவது வேறு அதிகமில்லை. ஆனால் இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஆர்கானிக் என்றோ, ஹார்மோன் போடாதது என்று அமெரிக்க வேளாண் துறையின் சான்றோடோ விற்கும் சந்தைகள் இருக்கின்றன, அங்கே கூடுதல் விலை கிடைக்கும், ஆனால் கன்று பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடப் போட்டிருக்கக் கூடாது, அதற்குச் சான்றும் வேண்டும். உங்கள் கன்றுகளுக்கு அந்தச் சான்று இல்லையென்றால் போடாமல் விட்டதால் மட்டும் ஏலத்தில் யாரும் தனி விலை தரமாட்டார்கள். போடாமலும் விட்டு, சாதாரண விலைக்கும் விற்பதுதான் எல்லாவற்றிலும் நஷ்டம். வாங்கப்போவது யார் என்று இப்போதே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள் விஷயம். இதில் பயம் எங்கிருந்து வந்தது என்றால், 1954-ல் மாட்டுத் தீவனத்துக்கு அனுமதிக்கப்பட்ட டிஇஎஸ் என்ற செயற்கை எஸ்ட்ரோஜன். அதையே கர்ப்பிணிகளுக்கு மருந்தாகக் கொடுத்ததில், அவர்களுக்குப் பிறந்த பெண்களுக்கு அரிதான புற்றுநோய் வருவது 1971-ல் தெரியவந்தது, 1979-ல் அமெரிக்கா மாட்டுக்கு அதைத் தடைசெய்தது. 1980-ல் இத்தாலியில் குழந்தை உணவுக்கான கன்றிறைச்சியில் அதே டிஇஎஸ் அகப்பட்டு ஐரோப்பா கொதித்தது, 1989 முதல் ஹார்மோன் போட்ட மாட்டிறைச்சி இறக்குமதியையே நிறுத்திவிட்டார்கள். உலக வர்த்தக அமைப்பு 1998-ல் ஐரோப்பா முன்வைத்த ஆபத்து மதிப்பீடு போதாது என்று தீர்ப்பளித்தும் தடை நீடிக்கிறது. இன்று காதில் வைக்கும் எதிலும் டிஇஎஸ் இல்லை. இப்போதைய கணக்கைப் பாருங்கள்: இம்ப்ளான்ட் போடாத மாட்டின் 85 கிராம் இறைச்சியில் எஸ்ட்ரோஜன் சுமார் 1.3 நானோகிராம், போட்டதில் சுமார் 1.9 என்று வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. ஒரு கிராமில் 100 கோடி நானோகிராம். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 1999-ல் எஸ்ட்ராடியாலுக்கு வைத்த தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 50 நானோகிராம், 15 கிலோ பிள்ளைக்கு 750. டிரென்போலோன், ஜெரனால் இரண்டும் உடம்பில் இயற்கையாக இல்லாதவை என்பதால் அவற்றுக்குத் தனியே, தசையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று சர்வதேச வரம்பு வைத்திருக்கிறார்கள். குளிகை இருக்கும் காதை வெட்டும் இடத்திலேயே எறிந்துவிடுவார்கள், காத்திருப்புக் காலம் எதுவும் லேபிளில் கிடையாது.

அப்படியானால் சர்ச்சையே இல்லையா என்றால், இருக்கிறது. அதே 1999-ல் ஐரோப்பிய விஞ்ஞானக் குழு எஸ்ட்ராடியாலை எந்த அளவிலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாத புற்றுநோய்க் காரணியாகப் பார்த்தது. பருவம் வராத பிள்ளைகளின் உடம்பில் இயற்கையாகச் சுரப்பது முன்பு நினைத்ததைவிடக் குறைவு, ஆகவே வரம்பையும் குறைக்க வேண்டும் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி, தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் ஒரு தட்டுக் கறியில் கூடும் அரை நானோகிராமை வைத்து நான் பயப்படவில்லை, என் வீட்டிலும் சாப்பிடுகிறோம். நம்மவர்கள் இதோடு கறிக்கோழியையும் பாலையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்காவில் கோழிக்கும் பன்றிக்கும் வளர்ச்சி ஹார்மோன் சட்டப்படி கூடாது, பால்மாட்டுக்குப் போட்டுவந்த ஊசி முற்றிலும் வேறு ஹார்மோன். வீட்டுக்கு வெட்டப்போகும் ஒரு ஸ்டியரை மட்டும் போடாமல் விடுங்கள் என்பதே என் யோசனை, அதற்குக் காரணம் பயம் இல்லை. இம்ப்ளான்ட் போட்ட மாட்டின் இறைச்சி கொஞ்சம் கடினமாகும், ஆஸ்திரேலியாவின் தர அளவீட்டில் இதற்கென்றே மதிப்பெண் குறைக்கிறார்கள். 20 பவுண்டு குறைந்தாலும் கறி மெத்தென்று இருக்கட்டும்.

பத்து மாட்டைப் போடாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் ஷூட்டில் வருகிற வரிசையில் ஒவ்வொரு நான்காவதையும் விடுங்கள், சோப்ளாங்கியாகப் பார்த்து விட்டால் கணக்கே கெட்டுவிடும். இறக்கும்போதும் ஏற்றும்போதும் காலையில், ஒரே தராசில், ஒவ்வொன்றாக எடை போடுங்கள். ஒரே மந்தையில் ஒரு மாட்டுக்கும் இன்னொரு மாட்டுக்கும் இயல்பாகவே 40, 50 பவுண்டு வித்தியாசம் இருக்கும் என்பதால், பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் 20 பவுண்டு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இந்த ஒரு வருஷத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், எடையைக் காது எண்ணோடு எழுதிவைத்து அடுத்த இரண்டு பருவத்துக்கும் சேர்த்துப் பாருங்கள்.